புது காரின் பெயின்ட்டில் குறை: டெலிவரிக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

வண்டி வீட்டுக்கு வந்த நான்காம் நாள், காலை ஏழு மணி இருக்கும். எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. பக்கெட்டும் துணியுமாக முதல் தடவை கழுவ இறங்கினேன். சாய்ந்த வெயில் இடது பக்கம் முழுக்க விழுந்ததும் பின் கதவு மட்டும் தனியாகத் தெரிந்தது. முன் கதவு சாம்பல். பின் கதவும் சாம்பல்தான், ஆனால் லேசாக மஞ்சள் கலந்த சாம்பல். கதவைத் திறந்து ரப்பர் பீடிங் ஓரத்தை விரலால் தடவினேன். பொடி மணல் ஒட்டியது போலச் சொரசொரத்தது. நகத்தால் சுரண்டினால் சாம்பல் பொடி நகக்கண்ணில் ஏறியது.

தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும்போது அந்த ரப்பரை இன்னும் மாட்டியிருக்கவே மாட்டார்கள். அதன்மேல் பெயின்ட் தூசி இருக்கிறது என்றால், வண்டியை முழுதாகப் பூட்டி முடித்த பிறகு யாரோ அந்தக் கதவுக்கு பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புது வண்டி என்று பில் போட்டு, மாலை போட்டு, சாவி கொடுத்த வண்டி அது.

அதற்கு ஒரு முடிவு வர 74 நாள் ஆனது. அலைச்சலில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: உங்கள் பேரில் வண்டி பதிவாகும் வரை குறை டீலருடைய கவலை. பதிவாகிச் சாவியும் கைக்கு வந்துவிட்டால் அது உங்கள் கவலை. கேட்க வேண்டியதை எல்லாம் அந்த நாளுக்கு முன்னால் கேளுங்கள்.

1. முழுப் பணம் போகும் முன் வண்டியைப் பாருங்கள்

பலரும் தவறுவது இங்கேதான். நானும் இங்கேதான் தவறினேன். "பேமென்ட் முழுசா வந்தாதான் சார் வண்டி அலாட் ஆகும்" என்பார்கள். முன்பணம் கட்டியிருந்தாலே குறிப்பிட்ட ஒரு வண்டியை உங்களுக்கென்று ஒதுக்கிவைக்க முடியும். ஒதுக்கிய வண்டியின் சேசிஸ் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு "பதிவுக்கு முன் யார்டில் நேரில் பார்ப்பேன்" என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். யார்டு என்பது டீலர் வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம். புக்கிங் படிவத்திலேயே இந்த வரியை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

லோன் போட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புரொஃபார்மா இன்வாய்ஸை (பில்லுக்கு முன் டீலர் தரும் விலை விவரம்) பார்த்தே வங்கி டீலர் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிடும். பணம் போய்ச் சேர்ந்த மறுநாளே பில், இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் மளமளவென்று நடந்துவிடும். "நான் சொல்லும் வரை பணம் விடுவிக்க வேண்டாம்" என்று வங்கிக் கிளைக்கு ஒரு மெயில் போட்டுவையுங்கள். எனக்கு இது தெரியாமல் போனது.

காலமும் பார்க்க வேண்டும். ஆடியில் டெலிவரி எடுக்க மாட்டோம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஆவணி பிறந்ததும் ஒரே நேரத்தில் வருவார்கள். ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களிலும் இதே நெரிசல். யார்டில் வண்டிகள் ஒன்றோடொன்று உரசுகிற இடைவெளியில் நிற்கும், அவசரத்தில் நகர்த்துவார்கள், உரசினால் இரவோடு இரவாகச் சரிசெய்வார்கள். முடிந்தால் இந்த நெரிசலுக்கு இரண்டு வாரம் முன்போ பின்போ நாள் குறியுங்கள்.

2. எந்த வெளிச்சத்தில், எப்படிப் பார்ப்பது

ஷோரூம் விளக்கில் பார்த்து ஒன்றும் தெரியாது. அந்த வெளிச்சம் வண்டியை அழகாகக் காட்டப் போட்டது. காலை ஒன்பது, பத்து மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ, வண்டியைக் கழுவித் துடைத்து, வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் கண் கூசும், சாயல் வித்தியாசம் தெரியாது. மழை ஈரம் இருந்தால் கீறல்கள் மறைந்துவிடும், அன்றைக்குப் பார்க்காதீர்கள். கூட ஒருவரை அழைத்துப்போங்கள். ஒரு மணி நேரமாவது வேண்டும். செல்போன் டார்ச் போதாது. வெள்ளை ஒளி தரும் நல்ல கை விளக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் விதம் இது. வண்டியின் மூலையில் நின்று, பக்கவாட்டில் கண்ணை ஓட்டுங்கள். கூரையின் விளிம்போ மின்கம்பியோ பெயின்ட்டில் பிரதிபலிக்கும். அந்தக் கோடு ஒரு பேனலிலிருந்து (கதவு, பானெட் போன்ற ஒரு பாகம்) அடுத்த பேனலுக்கு நெளியாமல் போக வேண்டும். கோடு நெளிந்தால் அங்கே நசுங்கலைத் தட்டி எடுத்திருக்கலாம் அல்லது பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்திருக்கலாம். பிறகு பெயின்ட்டின் மேற்பரப்பு. தொழிற்சாலை பெயின்ட்டிலும் ஆரஞ்சுத் தோல் போன்ற சிறு புள்ளிப்பரப்பு இருக்கும், அது குறை அல்ல. எல்லாப் பேனலிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு கதவு மட்டும் கண்ணாடி போல மழமழவென்றோ, ஒரு கதவு மட்டும் அதிகச் சொரசொரப்பாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது ஓரங்கள். மறைத்து அடித்த பெயின்ட் நடுப்பகுதியில் மாட்டாது, ஓரத்தில்தான் மாட்டும். கதவு பீடிங், ஜன்னல் ரப்பர், விளக்கின் விளிம்பு, சக்கர வளைவின் உள்புறம், பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஆகிய இடங்களில் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பானெட்டைத் திறந்து, முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஃபெண்டரின் போல்ட்டுகளையும் பானெட் கீல் போல்ட்டுகளையும் பாருங்கள். தொழிற்சாலையில் போல்ட்டோடு சேர்த்துத்தான் பெயின்ட் ஏறியிருக்கும். போல்ட் தலையில் பெயின்ட் உடைந்து ஸ்பேனர் தடம் இருந்தால் அந்தப் பாகத்தை ஒருமுறை கழற்றியிருக்கலாம். கதவு கீலையும் டிக்கி கீலையும் இப்படியே பாருங்கள்.

பம்பரைப் பார்த்து வீணாகப் பயப்படாதீர்கள். பம்பர் பிளாஸ்டிக். இரும்பு பாடியோடு சேர்த்து அதற்குப் பெயின்ட் ஏற்றுவதில்லை, தனியாகத்தான் அடிப்பார்கள். மெட்டாலிக், பேர்ல் நிறங்களில் பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நூலிழை வித்தியாசம் புது வண்டியிலேயே இருக்கும். பக்கத்தில் நிற்கும் அதே நிற வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது இயல்பு, எது குறை என்று புரிந்துவிடும்.

3. மைக்ரான் மீட்டர்

பெயின்ட்டின் தடிமனை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளக்கும் கையடக்கக் கருவி இது. ஆன்லைனில் சுமார் 2,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. 10 லட்சம் கொடுத்து வண்டி வாங்கும்போது இது வீண்செலவு இல்லை. இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், சில வண்டிகளில் பானெட் அலுமினியத்தில் வருகிறது. பிளாஸ்டிக் பம்பரில் இது வேலை செய்யாது.

கருவியோடு வரும் உலோகத் தகட்டில் வைத்துச் சரிபார்த்துவிட்டு, முதலில் கூரையை அளங்கள். கூரைக்கு அடிபடுவது குறைவு, அதனால் அதுவே நல்ல அளவுகோல். பிறகு ஒவ்வொரு பேனலிலும் ஐந்து இடம். தொழிற்சாலை பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 140 மைக்ரானுக்குள் இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். ஒரு பேனல் மட்டும் 200, 250 என்று காட்டினால் மேலே இன்னொரு முறை அடித்திருக்கிறார்கள். 500, 1,000 என்று தாவினால் அடியில் பட்டி இருக்கிறது. என் வண்டியில் கூரை 112, முன் கதவு 118, பின் கதவு 236. அந்த மூன்று எண்களையும் சேசிஸ் எண் தெரியும்படி போட்டோ எடுத்தேன். பிறகு நடந்த எல்லாப் பேச்சிலும் எனக்குக் கைகொடுத்தது அந்தப் போட்டோதான்.

கருவி வாங்க மனமில்லை என்றால், டெலிவரிக்கு முன் வண்டியைச் சோதித்து அறிக்கை தருகிறவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். நான் விசாரித்தபோது 1,500 முதல் 3,000 ரூபாய் வரை கேட்டார்கள். பெயின்ட் அளவை பேனல் வாரியாக எழுதித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. கண்ணில் பட்டது எந்த வகைக் குறை?

பாடி இரும்பின்மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். குறை எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் கேட்க வேண்டியது மாறும்.

கீறலில் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் பட்டதும் மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நிற்கிறது, பாலிஷில் போகும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுகிறது என்றால் ஆழம் அதிகம், பாலிஷ் போட்டு அதை எடுக்க முயன்றால் கிளியர் கோட் தேய்ந்துவிடும். வெள்ளையாகவோ கருப்பாகவோ வேறு நிறம் தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. இரும்பு தெரிந்தால் தாமதிக்கவே கூடாது, கடலோர ஊர்களில் அங்கே துரு சீக்கிரம் பிடிக்கும்.

வெள்ளை வண்டியில் ஊசிமுனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தால் பாடி துருப்பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரயிலிலும் யார்டிலும் பறக்கும் இரும்புத் தூள் ஒட்டித் துருவேறியது அது. அதற்கான திரவமும், கிளே பார் என்று விற்கும் களிமண் போன்ற கட்டியும் போட்டு எடுத்துவிடலாம். பறவை எச்சம் பல நாள் காய்ந்து தின்ற தடம், பாதுகாப்புக்கு ஒட்டிய பிளாஸ்டிக் தாளை வெயிலில் உரிக்காமல் விட்ட தடம், இவையும் யார்டில் நின்ற வண்டிகளில் சகஜம். சில பாலிஷில் போகும், சில போகாது. வண்டி எத்தனை மாதம் யார்டில் நின்றது என்று தெரிய ஃபார்ம் 21 என்ற விற்பனைச் சான்றைப் பாருங்கள், தயாரித்த மாதமும் ஆண்டும் அதில் இருக்கும்.

5. டெலிவரிக்கு முன் குறை தெரிந்தால்

அன்றைக்கே, யார்டிலிருந்து கிளம்பும் முன்பே, போட்டோக்களோடு ஒரு மெயில் அனுப்புங்கள். சேசிஸ் எண், தேதி, நேரம், எந்தப் பேனல், என்ன குறை, நீங்கள் கேட்பது என்ன என்று ஐந்து வரி போதும். சேல்ஸ்மேனிடம் வாயால் சொன்னது அவர் வேலை மாறியதும் போய்விடும்.

பாலிஷில் போகும் கீறல் என்றால் பாலிஷ் போடச் சொல்லி, மறுபடி வெயிலில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அதற்காக வண்டியையே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு பேனலுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் அல்லது அடிக்க வேண்டும் என்றால், அந்த வண்டி வேண்டாம், வேறு சேசிஸ் ஒதுக்குங்கள் என்று கேளுங்கள். "பூத்ல வெச்சு அடிச்சுத் தர்றோம் சார், கம்பெனி பெயின்ட் மாதிரியே இருக்கும்" என்பார்கள். மாதிரி இருக்கும், அதுவே ஆகாது. தொழிற்சாலையில் வெறும் பாடியை 140 டிகிரி அளவு சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். முழு வண்டியில் வயர், பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் இருப்பதால் பாடி ஷாப்பின் பெயின்ட் அறையான பூத்தில் 60 டிகிரி அளவுக்குமேல் போக முடியாது. அதற்கேற்ற வேறு வகை பெயின்ட்டைத்தான் அங்கே பயன்படுத்துகிறார்கள்.

வேறு வண்டி வர மாதக்கணக்கில் ஆகும், காத்திருக்க முடியாது என்ற நிலையில் அதையே எடுக்க முடிவு செய்தால், மூன்றை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்: எந்தப் பேனலுக்குப் பெயின்ட் அடித்தார்கள் என்ற ஒப்புதல், அந்தப் பெயின்ட்டுக்குத் தனி வாரன்டி, விலையில் குறைப்பு.

இனி இருப்பதிலேயே பெரிய பொறி. "உங்க இன்சூரன்ஸ்ல கிளைம் போட்டு ஃப்ரீயா அடிச்சுத் தந்துடறோம்" என்று சொன்னால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அவர்கள் கையில் இருந்தபோது ஆன சேதத்தை உங்கள் பாலிசியில் ஏற்றுகிற வேலை அது. வண்டி ஓடாமலேயே உங்கள் பேரில் ஒரு கிளைம் பதிவாகும், அடுத்த ஆண்டு நோ கிளைம் போனஸ் (கிளைம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும், படிவத்தில் நடக்காத விபத்து நடந்ததாகக் கையெழுத்தும் போட வேண்டி வரும். என்னிடமும் இதைச் சொன்னார்கள், மிகுந்த அக்கறையோடு சொன்னார்கள். யார்டிலும் வழியிலும் ஆகும் சேதத்தைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு.

6. டெலிவரி நாளில்

நல்ல நேரம் முடியப்போகிறது என்ற அவசரத்தில்தான் டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். "வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் அச்சிட்டிருக்கும். குறை ஏதாவது இருந்தால் அதன் கீழேயே பேனாவால் எழுதி, அவர்களிடமும் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். இரவு டெலிவரி என்றால் "பகல் வெளிச்சத்தில் பார்க்கவில்லை" என்றே எழுதலாம்.

பூஜையிலும் கவனம் வேண்டும். மாலை கட்டிய கம்பியின் முனை பானெட்டில் கோடு போட்டுவிடும், நாரில் கட்டிய மாலையாக வாங்கிப் போங்கள். சந்தனமும் குங்குமமும் வைத்த இடத்தை உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுக் கழுவுங்கள். வண்டியை மூடி வைத்து விலக்குகிற அந்தப் பட்டுத்துணியை இழுக்காமல் இருவர் சேர்ந்து தூக்கி எடுக்கச் சொல்லுங்கள், அடியில் தூசி இருந்தால் அதுவே கீறும்.

கிளம்பும் முன் நான்கு பக்கமும் நிதானமாக ஒரு வீடியோ. கதவு ஓரங்களும் மீட்டரில் கிலோமீட்டரும் அதில் வர வேண்டும்.

7. வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால்

முதல் 48 மணி நேரம் முக்கியம். நாள் ஆக ஆக "நீங்க எங்கயோ உரசியிருப்பீங்க" என்ற பதில் வலுப்பெறும். பாலிஷ் போடாதீர்கள், வெளியில் டிங்கரிடம் காட்டிக் கைவைக்க விடாதீர்கள், கோட்டிங் எதுவும் பூச வேண்டாம். அப்படியே போட்டோ எடுத்து டீலரின் சேல்ஸ் மேனேஜருக்கும் சர்வீஸ் மேனேஜருக்கும் மெயில். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் அன்றே புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். டீலர் பேச்சுக்கு மட்டும் காத்திருந்து நான் மூன்று வாரத்தை இழந்தேன். கம்பெனியிலிருந்து புகார் எண் வந்த பிறகுதான் ஏரியா சர்வீஸ் மேனேஜர் என்று ஒருவர் வந்து கதவைப் பார்த்தார்.

சர்வீஸ் சென்டரில் காட்டும்போது ஜாப் கார்டு (புகாரையும் வேலையையும் பதியும் சீட்டு) போடச் சொல்லுங்கள். "சும்மா பாத்துட்டுச் சொல்றோம்" என்றால் விடாதீர்கள். ஜாப் கார்டில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையில் இருக்க வேண்டும், கிலோமீட்டர் இருக்க வேண்டும், அவர்கள் அளந்த மைக்ரான் எண்களும் இருக்க வேண்டும்.

ஒரே ஃபைலில் சேர்க்க வேண்டியவை: இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீதுகள், புக்கிங் படிவம், ஃபார்ம் 21, ஃபார்ம் 22 (தயாரிப்பாளர் தரும் சாலைத் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பதிவுச் சான்று, டெலிவரி நோட், வாரன்டி புத்தகம், ஜாப் கார்டு, மெயில்களின் பிரின்ட், தேதியோடு போட்டோக்கள். போனில் பேசினால் பேசி முடித்ததும் "இன்று காலை நீங்கள் சொன்னது இது" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

வாரன்டி புத்தகத்தைப் படித்தால் கல் தெறிப்பு, பறவை எச்சம், மரப்பால், அமில மழை போன்ற வெளிக்காரணங்களுக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் போட்டிருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டியே மறுப்பார்கள். அதனால் வாரன்டி என்று மட்டும் வாதாட வேண்டாம். மறுபெயின்ட் அடித்ததைச் சொல்லாமல் புதிது என்று விற்றது முறையற்ற வணிகம், அதுதான் உங்கள் புகார்.

8. மறுபடி பெயின்ட் அடிக்க விடலாமா?

என் கருத்து இது. நிறம் ஒத்துப்போகிறது, மேற்பரப்பு நன்றாக இருக்கிறது, மீட்டர் மட்டும்தான் காட்டிக்கொடுக்கிறது என்றால் மீண்டும் அடிக்க விடாதீர்கள். ஒவ்வொரு முறை தேய்த்து அடிக்கும்போதும் அபாயம் கூடுகிறது. அதற்குப் பதிலாகப் பணமாகவோ கூடுதல் வாரன்டியாகவோ இழப்பீடு கேளுங்கள். நிறம் மாறித் தெரிகிறது, தூசி படிந்திருக்கிறது, வழிந்திருக்கிறது என்றால் அடித்துத்தான் ஆக வேண்டும்.

அப்படி அடிக்கும்போது: நிறக் குறியீடு வண்டியில் உள்ள தகட்டோடு பொருந்த வேண்டும். மெட்டாலிக் நிறத்தில் ஒரு கதவை மட்டும் அடித்தால் சாயல் தனித்துத் தெரியும், பக்கத்துப் பேனலில் நிறத்தைக் கரைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். கதவுக் கைப்பிடி, பீடிங், கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு அடிக்க வேண்டும், டேப் ஒட்டி அடித்தால் ஓரத்தில் சில மாதத்தில் உரியும். திரும்ப எடுக்கும்போது பகலில் எடுங்கள். புது பெயின்ட்டின் மேல் ஒரு மாதமாவது வாக்ஸ், செராமிக் கோட்டிங், பாதுகாப்பு ஃபிலிம் எதுவும் வேண்டாம். அடித்தவரிடமே நாள் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. நீங்களோ பிறரோ உரசியது என்றால்: இன்சூரன்ஸ் கணக்கு

பார்க்கிங்கில் பைக் ஹேண்டில் கீறிவிட்டுப் போனது, கேட்டில் உரசியது என்றால் டீலரைக் கேட்க முடியாது. கிளைம் போடும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

ஒரு கதவுக்குப் பெயின்ட் பில் 5,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,500 சிசி வரையுள்ள தனியார் காருக்கு 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும், அதற்கு மேல் என்றால் 2,000. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் வசதி) இல்லாத பாலிசியில் பெயின்ட் பில்லின் 25 சதவீதத்தைப் பொருள் செலவாக எடுத்து, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், இங்கே சுமார் 690 ரூபாய். ஆக உங்களுக்கு வருவது 3,800 ரூபாய் சொச்சம். மறுபக்கம், கிளைம் இல்லாமல் போனால் நோ கிளைம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும்: 0, 20, 25, 35, 45. இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்து ஆண்டுக்குக் கூட்டினால் 50 சதவீதம் வருகிறது. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் ஆண்டுக்கு 12,000 என்றால் கிட்டத்தட்ட 6,000 ரூபாய், வண்டி மதிப்பு குறையக் குறைய இது சற்றுக் குறையும். ஒரு பேனலுக்குக் கைப்பணம் போட்டுவிடுவதே மேல். மூன்று நான்கு பேனல் சேர்ந்து அடிபட்டால் கிளைம் போடுங்கள்.

கிளைம் என்று முடிவு செய்தால் வேலை தொடங்கும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்து ஒப்புதல் தந்த பின்தான் கைவைக்க வேண்டும். பாலிசி, பதிவுச் சான்று, ஓட்டியவரின் லைசென்ஸ், எஸ்டிமேட், கிளைம் படிவம் தேவை. வேறு வேறு நாளில் ஆன கீறல்களை ஒரே விபத்து என்று எழுதாதீர்கள், சர்வேயருக்குத் தெரிந்துவிடும். ஜீரோ டெப் பாலிசியிலும் ஆண்டுக்கு இத்தனை கிளைம்தான் என்ற வரம்பு பலவற்றில் உண்டு.

10. பேச்சு பலிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம்

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனாலும் இந்தக் கட்டத்திலேயே பல புகார்கள் முடிகின்றன.

அடுத்து, டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ். வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை, நீங்களே எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்த விவரத்தைப் பிரின்ட் எடுத்து வையுங்கள். தயாரிப்பாளரை விட்டுவிடாதீர்கள்.

பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்டணம் மிகக் குறைவு: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் கொடுக்கலாம். புகார், உறுதிமொழிப் பத்திரம், ஆவண நகல்கள் வேண்டும். நீங்களே வாதாடலாம்.

மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இதைவிட அதிக நாள் பிடிக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பெயின்ட் குறைக்கு மட்டும் வண்டியையே மாற்றித் தரச் சொல்லி உத்தரவு வருவது அரிது. சரிசெய்து தருவது, இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தெளிவாகக் கேளுங்கள். சுயேச்சையான ஒரு நிபுணரின் அறிக்கை கையில் இருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும்.

என் விஷயம் ஆணையம் வரை போகவில்லை. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் அழைத்தார்கள். கதவைக் கழற்றி மறுபடி அடித்து, பின் பேனலில் நிறத்தைக் கரைத்துத் தந்தார்கள். இரண்டு ஆண்டு கூடுதல் வாரன்டியும், எந்தக் கதவுக்கு எப்போது பெயின்ட் அடித்தார்கள் என்ற கடிதமும் லெட்டர்ஹெட்டில் கிடைத்தன. கடிதம் தரத்தான் கடைசி வரை தயங்கினார்கள், நான் அதைத்தான் விடாமல் கேட்டேன். அது இப்போது வண்டிப் புத்தகத்தோடு டேஷ்போர்டில் இருக்கிறது. நாளைக்கு இந்த வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவரும் மைக்ரான் மீட்டரோடுதான் வருவார். பின் கதவில் அது 190 காட்டும். அப்போது அவரிடம் காட்ட அந்தக் காகிதம் வேண்டும்.